தூசியைக் கட்டிப்போடும் மடக்குக் கூண்டு



தட்டை மொறுமொறுப்பாக வருவதற்கும், பட்டுப்புடவையைப் பத்திரமாக மடித்து வைப்பதற்கும் யோசனை சொல்லி வரும் இந்தப் பகுதியில், இந்தத் தடவை கம்ப்ரஸர், தார்ப்பாய், பைப் என்று ஆரம்பிக்கிறேன். ‘இவளுக்கு என்ன வந்தது?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதுவும் வீட்டு விஷயம்தான். அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் மூச்சு விஷயம்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் வீட்டோடு பட்டறை என்பது புதிதல்ல. முன்வாசலில் கோலம் இருக்கும், பின்வாசலில் லேத் ஓடும். இப்போது சின்னக் கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பூவேலை செய்வது, துருப்பிடித்த பைக் சாமான்களைப் பளிச்சென்று ஆக்குவது என்று பிள்ளைகள் வீட்டிலேயே நாலு காசு பார்க்கிறார்கள். பூஜை அறைக் கதவில் குத்துவிளக்கும் தாமரையும் பால்நிறத்தில் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் ஸ்டிக்கரை ஒட்டி, டிசைன் வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அழுத்தக் காற்றோடு நறநறப்பான பொடியை அதன்மேல் பீய்ச்சுவார்கள். பொடி பட்ட இடம் சொரசொரப்பாகிப் பாலாகத் தெரியும். ஸ்டிக்கர் மூடிய இடம் தெளிவாகவே இருக்கும். இதைத்தான் ‘சேண்ட் பிளாஸ்டிங்’ என்கிறார்கள். 1870-ஆம் ஆண்டு டில்க்மன் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வித்தை!

வித்தை அழகானதுதான். அது வீட்டுக்குள் கிளப்பும் தூசி இருக்கிறதே, அப்பப்பா! அரை மணி நேரம் கன் ஓடினால் கொடியில் கிடக்கும் துணி, மாடியில் காயும் வடாம், தண்ணீர்த் தொட்டி, துளசி மாடம் என்று ஒன்று பாக்கியில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் தொட்டில் துணியிலும் நறநறக்கும்.

ரவையும் மைதாவும்

‘தூசிதானே, கூட்டித் தள்ளினால் போகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. கூட்டினால் போகிற தூசியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கூட்டினாலும் போகாத தூசி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

‘ஆற்று மணலில் குழந்தைகள் விளையாடவில்லையா? அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணல், ரவை மாதிரி. கையில் அள்ளிப் போட்டால் பொலபொலவென்று கீழே விழுந்துவிடும், மூக்கில் ஏறாது. அதே மணலைக் காற்றின் வேகத்தில் கண்ணாடிமேலோ இரும்புமேலோ அடித்தால், ஒவ்வொரு மணியும் மோதிச் சுக்குநூறாக உடைகிறது. ரவை மைதா ஆகிவிடுகிறது. மைதாவாவது கண்ணுக்குத் தெரியும். இதில் பாதி கண்ணுக்கே தெரியாது. நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரைக்கும் போகும் தூசி பெரும்பாலும் 5 மைக்ரானுக்குக் கீழே. மாவு மில்லில் மிஷினை நிறுத்தின பிறகும் காற்றில் மாவு மிதப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? இது அதைவிட நைசு. மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். விளக்குமாற்றால் கூட்டினால் உட்கார்ந்ததும் எழுந்துகொள்ளும்.

சாதாரண மணலில் பெரும்பங்கு சிலிக்கா என்னும் குவார்ட்ஸ் கல். புதிதாக உடைந்த சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் அங்கே தழும்பு கட்டுகிறது. தழும்பு கட்டின இடம் சுருங்காது, விரியாது. அதுதான் சிலிக்கோசிஸ். இந்த நோயைத் திருப்பிக் குணமாக்க மருந்து கிடையாது. பத்து, இருபது வருஷம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. தூசி மிக அதிகமாக இருந்தால் சில வருஷங்களிலேயே, ஏன், சில மாதங்களிலேயே பிடித்துக்கொள்வதும் உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்குக் காச நோயும் சுலபமாகத் தொற்றும். சிலிக்கா தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1997-இல் அறிவித்தது.

இது எங்கள் வீட்டுக்குப் பாடம் படித்துத் தெரிந்த விஷயமல்ல. என் மாமனார் இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து எடுத்த வார்ப்படத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, தேய்த்து, சுத்தம் செய்கிற வேலை. ஐம்பது வயதுவரை மருதமலைப் படியை மூச்சு வாங்காமல் ஏறினவர், அப்புறம் எங்கள் வீட்டு மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். காச நோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் குறையவில்லை. கடைசியில் நெஞ்சு நோய் டாக்டர் ஒருவர்தான், “பெரியவரே, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, “இது உள்ளே போன மணல்தானுங்க” என்றார். அதற்கப்புறம் மாமனார் ஆறு வருஷம் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணையை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடியே தூங்கின ஆறு வருஷம்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம் பெற்றது. இங்கிலாந்தில் 1949-இல் விதி செய்து, வார்ப்படச் சாமான்களைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ய மணலை உபயோகிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். ஜீன்ஸ் துணியை வெளுத்த மாதிரி காட்ட மணலைப் பீய்ச்சிய துருக்கி நாட்டுத் தொழிலாளர்கள் சின்ன வயதிலேயே இந்த நோயில் விழுந்தார்கள். அங்கே 2009-இல் அந்த வேலையைத் தடை செய்தார்கள். ஆனால் நம் வீட்டுப் பின்வாசலுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. இங்கே இன்ஸ்பெக்டர் நாம்தான்.

முதலில் மணலை ஒழியுங்கள்

ஐ.டி.ஐ. முடித்த என் மகன் பகலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறான். மாலையில் வீட்டிலேயே பூஜை அறைக் கண்ணாடிக்கு ஆர்டர் எடுக்க ஆசைப்பட்டான். அந்தச் சமயம் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து, மூன்று மாதக் குழந்தையோடு இருந்தாள். “ஏம்மா, பழைய சேலை நாலு குடு. சுத்திக் கட்டிக்கிட்டு உள்ளார நின்னு அடிச்சுப் போடறேன். மணலு சும்மாதான கெடக்குது?” என்றான்.

“உங்க அப்பாரு பட்டது போதாதா கண்ணு?” என்று கேட்டேன்.

“ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?” என்று என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், “ஊர்ல மத்தவங்க பண்றதில்லையா?” என்றார் அவர். மாமனாரின் எக்ஸ்ரே இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். அப்பாவும் பிள்ளையும் அப்புறம் பேசவில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை நான். மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, மணல் கூடாது. இரண்டு, தூசி கூண்டுக்குள், ஆள் கூண்டுக்கு வெளியே. மூன்று, கூண்டைத் திறந்த பிறகு எதையும் ஈரமாகத்தான் துடைக்க வேண்டும். இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் மற்ற இரண்டும் வீண்.

மணலுக்குப் பதில் என்ன? கண்ணாடிப் பூவேலைக்கு அலுமினியம் ஆக்ஸைடு பொடி நன்றாக இருக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் மணல் மாதிரி ஒரே அடியில் உடைந்து போகாது. சலித்துச் சலித்துப் பல தடவை உபயோகிக்கலாம். கார்னெட் பொடியும் உண்டு. நம் தென்கோடிக் கடற்கரைகளில் சிவப்பாகக் கிடக்கிறதே, அந்தக் கனிமம்தான். எதை வாங்கினாலும் மூட்டையில் ‘ஃப்ரீ சிலிக்கா’ எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். எழுதியே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள, மென்மையான சாமான்களுக்கு நம் சமையல் சோடாவே போதும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை 1980-களில் பழுதுபார்த்தபோது, உட்பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய தாரைச் செம்புத் தகடு கீறாமல் எடுக்க இந்தச் சோடாவைத்தான் பீய்ச்சினார்கள். ஒன்று மட்டும்: அந்தத் தூள் செடிகளுக்கு ஆகாது. துளசி மாடத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல் இல்லையென்பதால் தூசியே கெடுதல் இல்லை என்று அர்த்தமில்லை. எந்த நைசுத் தூசியும் நுரையீரலுக்கு வேண்டாத விருந்தாளிதான். அதனால்தான் கூண்டு.

தேவையான சாமான்கள்

ஒரு அங்குல பி.வி.சி. பைப், இருபது அடி நீளத்தில்: 2
மூலைக்கு மூலை பொருத்தும் மூன்று வழி இணைப்பு: 8
கனமான தார்ப்பாய், 12 அடிக்கு 12 அடி: 1
பழைய மடக்குக் கட்டிலின் இரும்புச் சட்டம், இரண்டரை அடி அகலம்: 1
கட்டிலுக்கு முட்டுக்கொடுக்க ஹாலோ பிளாக் கல்: 4
வெல்டு மெஷ் கம்பி வலை, நாலடிக்கு இரண்டரை அடி: 1
முழங்கை வரை வரும் கனத்த ரப்பர் கையுறை: 1 ஜோடி
ரெக்ஸின் துணி: 1 மீட்டர்
ஆறு அங்குல டிரெயினேஜ் பைப்பில் மூன்று அங்குலத் துண்டு: 2
ஹோஸ் கிளிப்: 4
அக்ரிலிக் ஷீட், ஒன்றரை அடிக்கு ஒரு அடி: 2
லாரியின் பழைய ட்யூப்: 1
மூடியுள்ள பக்கெட், தடித்த கிளிப்புகள், நைலான் நூல், சிலிக்கான் பேஸ்ட்.

கையிலிருக்கும் பழைய சாமானைக் கழித்தால் எங்களுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தூசியை உறிஞ்சும் மிஷின் தனிக் கணக்கு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செய்முறை

பைப்பை முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பைப்பில் நாலடித் துண்டு நாலும் இரண்டரை அடித் துண்டு ஒன்றும் கிடைக்கும். இரண்டாவது பைப்பில் இரண்டரை அடித் துண்டு ஏழு. இவற்றை எட்டு மூலை இணைப்பில் சொருகினால், நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு பெட்டிச் சட்டம் நிற்கும். பசை போட வேண்டாம். வேலை முடிந்ததும் உருவி, கட்டாகக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். மடக்குக் கூண்டு என்பது இதனால்தான்.

இனி நம் தையல் மிஷின் வேலை. கொசுவலை தைப்பது மாதிரியேதான், சட்டத்துக்கு வெளியே மாட்டும்படி தார்ப்பாயில் உறை தைக்க வேண்டும். வித்தியாசம் அடிப்பக்கத்தில். அடியைத் தட்டையாகத் தைக்காமல் புனல் மாதிரி குவித்து, நுனியில் நாடா கோத்துவிடுங்கள். உள்ளே விழும் பொடி எல்லாம் சரிந்து இந்த வழியாகப் பக்கெட்டில் இறங்கும். ஓரங்களை ஒரே தையலாகப் போடாமல், ஜீன்ஸில் போடுவது மாதிரி மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். 18-ஆம் நம்பர் ஊசி வேண்டும். ஊசித் துளை வழியாகவும் நைசுத் தூசி வரும். ஆகவே தையல் நெடுக வெளிப்பக்கம் சிலிக்கான் பேஸ்டைத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள்.

சாமானை வைத்து எடுக்க ஒரு பக்கத்தில் திறப்பு வேண்டும். ஜிப் வைக்கலாமே என்று கை பரபரக்கும். வைக்காதீர்கள். இரண்டு நாளில் பல்லில் பொடி ஏறி ஜிப் இறுகிவிடும். வெல்க்ரோவிலும் பொடி அடைந்துகொள்ளும். ஒரு அடி அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி இரண்டு மடல் வைத்து, தடித்த கிளிப்பால் கவ்விவிடுவதுதான் நிற்கிறது.

கட்டிலின் நாடாவை அவிழ்த்துவிட்டு, இரும்புச் சட்டத்தை மட்டும் ஹாலோ பிளாக் கல்மேல் தூக்கி வையுங்கள். பெட்டியின் நாலடிப் பக்கங்கள் கட்டிலின் நீளச் சட்டங்கள்மேல் உட்காரும். புனல் நடுவில் தொங்கும். உள்ளே அடிப் பைப்புகள்மேல் கம்பி வலையைப் போட்டால் அதுதான் வேலை மேடை.

கை நுழைக்கும் ஓட்டை இரண்டும் முன்பக்கத்தில், அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில், தோள் அகலத்துக்கு வர வேண்டும். தார்ப்பாயில் வட்டமாக வெட்டி, ஆறு அங்குலப் பைப் துண்டைச் சொருகி, வெளிப்பக்கம் துணியை மடித்து ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். கையுறையின் மேல்முனையில் ரெக்ஸினால் முழுக்கை மாதிரி நீளம் சேர்த்துத் தைத்து, அதன் வாயைப் பைப்பின் உள்முனையில் போட்டு இன்னொரு கிளிப்பால் இறுக்குங்கள். வெளியில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே உள்ளே கன்னைப் பிடிக்கலாம். பிரசவ ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையை மட்டும் விட்டுப் பார்த்துக்கொள்கிறார்களே, அதே ஏற்பாடு. அங்கே உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற, இங்கே வெளியே இருப்பவரைக் காப்பாற்ற.

கண்ணுக்கு நேரே அக்ரிலிக் ஜன்னல். உள்ளே தெறிக்கும் பொடி அதையும் பால்நிறமாக்கிவிடும். பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டையை உள்பக்கம் ஒட்டிவிட்டு, மங்கும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். கூரையில் இன்னொரு அக்ரிலிக் துண்டை வைத்து, அதற்கு மேலே, கூண்டுக்கு வெளியே லைட்டைத் தொங்கவிடுங்கள். ஒயரும் பல்பும் உள்ளே போகவே கூடாது.

கன்னுக்கு எதிர்ப்பக்கம் தார்ப்பாய் சீக்கிரம் ஓட்டையாகும். அங்கே லாரி ட்யூபை விரித்து வெட்டித் திரையாகத் தொங்கவிடுங்கள். கெட்டியான தகட்டையே அரிக்கும் பொடி, ரப்பரில் பட்டால் துள்ளிக் கீழே விழுந்துவிடுகிறது. பெரிய பட்டறைகளிலும் இந்த வேலைக்கு ரப்பர்த் திரைதான்.

இன்னொன்று: உலர்ந்த பொடி வேகமாக ஓடும்போது பிளாஸ்டிக்கில் மின்சாரம் சேர்ந்து கையில் சுரீரென்று அடிக்கும். உள்ளே இருக்கும் கம்பி வலையை ஒரு செப்புக் கம்பியால் எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். இதை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

பூரி மாதிரி உப்பக் கூடாது

கூண்டு தைத்தாயிற்று, நாலு பக்கமும் அடைத்தாயிற்று, இனித் தூசி வராது என்று நினைப்போம். வரும்! கன் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று எங்கே போகும்? கூண்டு பூரி மாதிரி உப்பும். உப்பினால் எந்த இடுக்கு கிடைக்கிறதோ அந்த வழியாகத் தூசியையும் சேர்த்துக்கொண்டு வெளியே சீறும். ஆகவே கன் தள்ளும் காற்றைவிட அதிகமாக உறிஞ்சி எடுக்க ஒரு மிஷின் வேண்டும். கூண்டின் கன்னம் எப்போதும் லேசாக ஒட்டியே இருக்க வேண்டும். அப்படியிருந்தால் இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், தூசி வெளியே வராது.

இதற்கு ஒரு பக்கச் சுவரில் உயரமாக ஒரு குழாய் வாய் வையுங்கள். எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு சின்ன ஓட்டை போட்டு, நாலு மடிப்புக் காடாத் துணியால் மூடுங்கள். ஒன்று மூச்சு விட, ஒன்று மூச்சு இழுக்க. உறிஞ்சும் குழாய் நேராக மிஷினுக்குப் போகாமல் நடுவில் ஒரு மூடி போட்ட பக்கெட் வழியாகப் போனால் கனத்த பொடி அதில் தங்கிவிடும். மிஷினில் ‘ஹெப்பா’ ஃபில்டர் அவசியம். வீடு கூட்டுகிற சாதாரண வேக்குவம் கிளீனர் முன்பக்கம் உறிஞ்சி, நைசுத் தூசியைப் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். அதைவிட மிஷின் இல்லாமல் இருப்பதே மேல். ஹெப்பா இருந்தாலும் மிஷினின் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டாம்.

கூண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். பொடி போடுவதற்கு முன்னால், உறிஞ்சும் மிஷினை மட்டும் ஓடவிட்டு, ஏற்றின ஊதுபத்தியைத் தையல் ஓரமாகக் கொண்டு போங்கள். புகை உள்பக்கம் இழுபட்டால் சரி. வெளிப்பக்கம் சாய்ந்தால் அங்கே கோளாறு. மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சோதனை செய்கிறான். ஊதுபத்தியை அணைத்த பிறகுதான் கம்ப்ரஸரைத் தொட வேண்டும்.

கம்ப்ரஸரையும் கூண்டுக்குத் தள்ளியே வையுங்கள். அது தூசிக் காற்றை இழுக்கக் கூடாது. கண்ணாடிக்கு அதிக அழுத்தம் தேவையில்லை. 40 முதல் 60 பவுண்டுக்குள் அடித்தால் டிசைனும் சுத்தமாக வரும், தூசியும் குறையும்.

தலையை உள்ளே விடாதீர்கள்

பெரிய கேட், ஜன்னல் கிரில் எல்லாம் இந்தக் கூண்டில் அடங்காது. ‘அதே பைப்பில் ஆளுயரக் கூடாரம் கட்டி உள்ளே நின்று அடித்தால் என்ன?’ என்று கேட்காத ஆண்பிள்ளை கிடையாது. இந்த இடத்தில் கொஞ்சமும் இளகாதீர்கள். கூடாரம் அக்கம்பக்கத்தைக் காப்பாற்றும். உள்ளே நிற்பவருக்கோ தூசியை மூட்டை கட்டிக் கொடுத்த மாதிரி. திறந்தவெளியில் காற்றோடு போயிருக்கும் தூசி முழுவதும் அவர் ஒருவர் மூக்குக்கே மிச்சம். பெரிய பட்டறைகளில் அப்படி உள்ளே நிற்பவர்களுக்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் ஹெல்மெட் உண்டு. அது இல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பது நம்மை நாமே ஏமாற்றுவது. கைக்குட்டையும் முந்தானையும் ரவையைத் தடுக்கும், மைதாவைத் தடுக்காது. என்-95 மாஸ்க் கூண்டைத் திறந்து சுத்தம் செய்யும் வேலைக்குத்தான். கூடாரத்துக்குள் நின்று அடிக்கிறவருக்கு அது போதாது. பெரிய சாமானை அதற்கென்று அறை உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

திறக்கும்போதுதான் கவனம்

அடித்து முடித்ததும் ஆவலாகத் திறந்து பார்க்கத் தோன்றும். உறிஞ்சும் மிஷினை ஓடவிட்டபடியே கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திறங்கள். வெளியே எடுக்கும் சாமானை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் உடம்பில், துணியில் படிந்த தூசியை ஊதித் தள்ளும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அது கூடவே கூடாது. அவ்வளவு நேரம் கட்டிப்போட்ட தூசியை நாமே அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பக்கெட்டில் சேர்ந்த பொடியை மூடி போட்ட சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் குப்பையும் மிக நைசாக வரும் மாவும் வேண்டாம். நடுத்தரமாக இருப்பதை மறுபடி உபயோகிக்கலாம். கழிவை லேசாகத் தண்ணீர் தெளித்து, இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தார்ப்பாயை உதறாமல், உள்பக்கம் உள்ளேயே இருக்கும்படி சுருட்டி வையுங்கள்.

வேலை செய்தவர் போட்டிருந்த உடுப்பை அங்கேயே கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைத் துணியோடு கலக்கவே கூடாது. தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம். “மாமன் குளிச்சாச்சு, வாங்க கண்ணு” என்று அவன் குரல் கொடுத்தால்தான் என் பெண் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து நீட்டுவாள்.

பழைய பெயிண்ட் என்றால் தொடாதீர்கள்

எல்லாம் சொன்ன பிறகும், இந்தக் கூண்டுக்குள்ளும் போகக் கூடாத சாமான் ஒன்று உண்டு. பாட்டி காலத்து இரும்புப் பெட்டி, பழைய கட்டில், கிரில் ஆகியவற்றின்மேல் இருக்கும் பெயிண்ட். அந்நாளைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் சேர்த்திருப்பார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்து, 2017 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தின பெயிண்ட் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுதான்.

ஈயத் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து வாயில் போடும். இவ்வளவு ஈயம் வரை கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவே குழந்தைக்கு இல்லை. வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் கலந்தால் வயிற்றுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். ஆகவே கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் பழைய பெயிண்டைப் பீய்ச்சவும் வேண்டாம், உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். பெயிண்ட் உரியாமல் நன்றாக இருந்தால் அதன்மேலேயே புதுப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வெறும் துருதான் என்றால், சின்னச் சாமான்களை இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, காலையில் ஈரத்தோடு தேய்த்துக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். தூசியே இல்லாத வேலை!

வருஷக்கணக்காக மணல் தூசியில் வேலை பார்த்த அப்பாவோ, மாமனாரோ, கணவரோ உங்கள் வீட்டில் இருந்து, விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். “இவர் இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தார்” என்று முதல் வாக்கியமாக நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் சரியான வைத்தியம் சில வருஷம் முன்னாலேயே தொடங்கலாம்.

கூண்டு தைத்துப் பார்க்கிற சகோதரிகள், கை ஓட்டை உயரம், புனல் சரிவு இவற்றில் உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாறுதல் ஏதாவது செய்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், மழைக்காலத்தில் அரிசியிலும் பருப்பிலும் வண்டு வராமல் பாதுகாக்கும் முறைகளைப் பார்ப்போம்.